வெள்ளாற்று நாட்டில் ஒரு நிதானமான நாள்

விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் சுற்றுலாப் பேச்சு எழுந்துவிடுகிறது. வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, நள்ளிரவில் புறப்பட்டு, ஒரே நாளில் எட்டு ஊர், பத்துக் கோயில் என்று எண்ணிக்கை கணக்கிட்டுத் திரும்புவதையே பலர் பயணம் என்கிறார்கள். திரும்பி வந்தபின் பிள்ளைகளிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், வழியில் தின்ற பண்டங்களின் பெயர்கள் மட்டுமே அவர்கள் நினைவில் நிற்கின்றன. முதியோர் இரண்டு நாள் கால்வலியோடு படுத்துவிடுகிறார்கள். ஓய்வுக்கென்று சென்றவர்கள் ஓய்வை இழந்து வருவது வேடிக்கையல்லவா?

மேல்நாட்டார் எப்போதும் விரைவாகவே வாழ்கிறார்கள் என்பது நம்மிடையே உள்ள எண்ணம். ஆனால் ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகளைச் சட்டமே மூடி வைக்கிறது. ரைன் ஆற்றங்கரை ஊர்களில் அன்று தாத்தாவும் பேரனும் ஆற்றோரமாக மெல்ல நடந்து செல்வதே பெரிய பொழுதுபோக்கு. அந்த ஆற்றங்கரையிலுள்ள கொலோன் பேராலயத்துக்கு 1248இல் அடிக்கல் நாட்டினார்கள். அது முழுமை பெற்றது 1880இல். 632 ஆண்டுகள் பொறுத்திருந்து கட்டிய ஆலயத்தைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓடுவது, கட்டியவர்களின் பொறுமைக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

அத்தகைய நிதானமான நாள் ஒன்றை நம் நாட்டிலேயே, நம் வீட்டுக்கு அருகிலேயே கழிக்க இயலுமா? இயலும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் கண்டோம். தைப்பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை அது. பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் மூவர், எண்பதை நெருங்கும் அப்பாயி ஒருவர். ஆவூர், சித்தன்னவாசல், புதுக்கோட்டை நகரம், மாலையில் வெள்ளாறு. இவற்றைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்று முன்னதாகவே முடிவு செய்துகொண்டோம். நார்த்தாமலை, கொடும்பாளூர், குடுமியான்மலை, திருமயம் ஆகிய புகழ்பெற்ற இடங்கள் எல்லாம் அதே மாவட்டத்தில்தான் உள்ளன. அவை இன்னொரு நாளுக்குக் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கல்லும் மலையும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

ஆவூர்

திருச்சியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். காவிரிப் பாசனத்தின் பசுமை மெல்ல மெல்லப் பின்தங்கி, செம்மண்ணும் பாறையும் கருவேல மரங்களும் இருபுறமும் தோன்றின. வானம் பார்த்த பூமி இது. கண்மாய் நிரம்பினால் விளைச்சல், நிரம்பாவிட்டால் பொறுமை. இப்படிப்பட்ட நிலத்தின் நடுவில்தான் ஆவூர் என்னும் சிற்றூர், பெரியநாயகி அன்னையின் ஆலயத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறது.

தமிழகத் திருச்சபை வரலாற்றில் ஆவூருக்குத் தனி இடம் உண்டு. 1606இல் தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நோபிலி மதுரையில் தொடங்கிய மறைப்பணி, அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் இவ்வூரில் வேரூன்றியது. வேரூன்றச் செய்தவர் பிரெஞ்சு நாட்டவரான இயேசு சபைக் குரு வெனான்சியுஸ் புஷே அடிகளார். தமிழ் மக்கள் அவரைப் பெரிய சஞ்சீவிநாதர் என்று அழைத்தனர். காவியுடை அணிந்து, புலால் நீக்கி, தமிழ்த் துறவியரைப் போல வாழ்ந்தவர்கள் அக்காலத்து மதுரை மறைப்பணிக் குருக்கள். இங்கு முதல் ஆலயம் எழுந்தது 1547இல் என்று சில குறிப்புகளில் காணப்படுகிறது. அது பொருந்தாது, மதுரை மறைப்பணியே அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்புதான் தொடங்கிற்று. பெரிய ஆலயம் 1747இல் கட்டப்பட்டது.

ஆவூரில் பணியாற்றிய குருக்களுள் வீரமாமுனிவரும் ஒருவர் என்பதைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் அறியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் தேம்பாவணி பாடியவரும், சதுரகராதி என்னும் அகராதியைத் தந்தவரும் அவரே. அன்று ஏட்டில் 'எ' என்னும் குறிலுக்குத் தலையில் புள்ளி வைப்பது வழக்கம். ஓலையில் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை கிழியும். புள்ளியை விட்டுவிட்டால் குறிலா நெடிலா என்பது விளங்காது. அந்த இடரை நீக்க, நெடிலுக்கு வேறு வடிவம் அமைத்து 'ஏ' என்று நாம் இன்று எழுதும் முறையை உருவாக்கியவர் இத்தாலியில் பிறந்த அம்முனிவர். அவர் இறைவனடி சேர்ந்ததும், இங்கே பெரிய ஆலயம் எழுந்ததும் ஒரே ஆண்டு, 1747.

ஆலயத்தினுள் வெகுநேரம் அமர்ந்திருந்தோம். பழைய சுவர்களின் குளிர்ச்சியில் அப்பாயி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். முடித்து எழுந்தபோது இளையவன் அவரிடம் கேட்டான்: "அப்பாயி, அந்தச் சாமிக்கு இங்க யாரையும் தெரியாதே. சோறு யார் போட்டிருப்பாங்க?"

அப்பாயி சற்றும் தயங்காமல், "ஊர்தான் போட்டிருக்கும் தம்பி. நம்மள மாதிரி யாரோ ஒரு வீட்டுல உலை வச்சிருப்பாங்க" என்றார்.

நூல்கள் குருக்களின் பெயர்களைக் காத்து வைத்திருக்கின்றன. அவர்களுக்கு உலை வைத்த வீடுகளின் பெயர்களை யார் காத்தார்கள்? 1773இல் இயேசு சபை உலகெங்கும் கலைக்கப்பட்டபோது மதுரை மறைப்பணி தன் குருக்களை இழந்தது. அதே சபையினர் மீண்டும் இப்பகுதிக்கு வந்தது 1830களின் இறுதியில்தான். இடையே அறுபது ஆண்டுகளுக்கும் மேல், கோவாவிலிருந்து வந்த மிகச் சில குருக்கள் பரந்த நிலப்பரப்பில் அலைந்து திரிய, பல ஊர்கள் குருவின் முகத்தையே காணாது ஆண்டுகளைக் கழித்தன. அக்காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களும், மாலைதோறும் விளக்கேற்றிப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த தாய்மாருமே. உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி ஆவூரில் நடைபெறும் பாஸ்காவுக்கும் தேர்ப்பவனிக்கும் இன்று சுற்றுவட்டார மக்கள் திரண்டு வருகிறார்கள் என்றால், அப்பெயரறியாக் குடும்பங்கள் இட்ட விதையே அதற்குக் காரணம்.

சித்தன்னவாசல்

ஆவூரிலிருந்து அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல் சென்றோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இக்குன்று, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மர நிழலில் பாயை விரித்து, கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தையும் தயிர்ச் சாதத்தையும் உண்டு, வெயில் தாழும்வரை இளைப்பாறினோம்.

குன்றின் ஒரு பக்கத்தில், பாறையைக் குடைந்து அமைத்த சமணக் குகைக்கோயில் உள்ளது. அறிவர் கோயில் என்பது அதன் பெயர். உட்கூரையை அண்ணாந்து பார்த்தால் ஒரு தாமரைக் குளம் தெரிகிறது. இலைகளும் மொட்டுகளும் மலர்களும் நெருங்கிக் கிடக்க, அவற்றின் இடையே மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானையும் எருமையும் நீரில் இறங்கியுள்ளன. மூவர் மலர் கொய்கின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்ணங்கள் இவை. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனின் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. சமண மரபின்படி, அருகர் அறவுரை நிகழ்த்தும் திருச்சபைக்குச் செல்லும் வழியில், நல்லோர் இறங்கித் தூய்மை பெறும் பொய்கையே இவ்வோவியம் என்று அறிஞர் விளக்குவர். இறைவனை அணுகுமுன் தூய்மை பெற வேண்டும் என்னும் எண்ணம் நமக்கும் அந்நியமானதன்று. ஆலய வாயிலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை வரைந்துகொள்ளும் நம் கைக்கு அதன் பொருள் தெரியும்.

1920ஆம் ஆண்டு வாக்கில் இவ்வோவியங்களின் சிறப்பை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர், புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய். ஒரு காலத்தில் சுவர், தூண், கூரை எங்கும் நிறைந்திருந்த வண்ணங்களில் இன்று எஞ்சியிருப்பது கூரையிலும் தூண்களின் மேற்பகுதியிலும் உள்ள சிறு பகுதியே. ஏன் மேலே உள்ளவை மட்டும் தப்பின என்று மூத்த மகள் கேட்டாள், விடையையும் அவளே கூறினாள்: "கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால்." காற்றும் ஈரமும் அழித்தது ஒரு பங்கு எனினும், மனிதனின் கையும் புகையும் கவனக்குறைவும் அழித்ததும் உண்டு. அச்சிறுமியின் சொல் எங்களை வெகுநேரம் சிந்திக்க வைத்தது.

அப்பாயியையும் அவருக்குத் துணையாக ஒருவரையும் நிழலில் விட்டுவிட்டு, மற்றவர்கள் ஏழடிப்பட்டம் ஏறினோம். பாறைச் சரிவில் காலூன்றுவதற்கென வெட்டப்பட்ட ஏழு குழிகளால் அப்பெயர் வந்தது என்பர். இப்போது பிடித்துச் செல்லக் கம்பி உண்டு. மேலே இயற்கையான குகை ஒன்றில், வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட 17 கற்படுக்கைகள் வரிசையாக உள்ளன; தலைமாட்டில் தலையணை போலக் கல்லே மேடாக விடப்பட்டிருக்கிறது. உலகைத் துறந்த சமணத் துறவியர் நோன்பிருந்த இடம் இது. அவற்றுள் பெரியதொரு படுக்கையின் ஓரத்தில், சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளில் ஒரு செய்தி வெட்டப்பட்டுள்ளது. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி என்பவருக்கு, சிறுபோசில் என்ற ஊரைச் சேர்ந்த இளையர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் கருத்து. எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம்.

காலையில் இளையவன் கேட்ட கேள்விக்கு இங்கேயும் ஒரு விடை கிடைத்தது. தொலைதூரத்திலிருந்து மெய்ப்பொருளைத் தேடி வந்த ஒருவருக்கு இவ்வூர் மனிதர் ஒருவர் கல்லை இழைத்துப் படுக்கை அமைத்துக் கொடுத்தார். பதினேழு நூற்றாண்டுகள் கழித்து, கடல் கடந்து வந்த வேறொருவருக்கு ஆவூர் இடம் கொடுத்தது. கொள்கை வேறு, வழி வேறு. ஆனால் இறைவனைத் தேடுகிறவனுக்கு இடம் மறுக்காத பண்பு இம்மண்ணின் பழைய குணம். தனக்கே நீர் பற்றாத பூமி, வந்தவருக்கு ஒரு குவளை நீர் தர மறுத்ததில்லை.

புதுக்கோட்டை நகரம்

பிற்பகலில் நகரை அடைந்தோம். தொண்டைமான் மன்னர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. ராஜகோபாலத் தொண்டைமான் மன்னராக இருந்தபோது, 1948 மார்ச் 3 அன்று இந்தியாவுடன் இணைந்த இச்சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாக மலர்ந்தது. மன்னரின் புதிய அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. அரசர் அமர்ந்த கட்டடத்தில் இன்று குடியானவர் மனுவோடு நிற்கிறார்.

நகரின் தெருக்கள் நேர்கோடாக ஓடி ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. நான்கு ராஜ வீதிகள். அவற்றைச் சூழ்ந்து இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என எண்ணிட்ட வீதிகள். 1878 முதல் 1894 வரை இங்கே திவானாக இருந்த சேஷய்ய சாஸ்திரியார் நகரைச் சீரமைத்ததோடு, தூர்ந்துபோன குளங்களையும் புதுப்பித்தார். மழையை நம்பி வாழும் ஊருக்குக் குளத்தைவிடப் பெரிய கொடை எது?

திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டோம். செப்புத் திருமேனிகளும் படைக்கலங்களும் இருக்க, பிள்ளைகளைக் கவர்ந்தது இச்சமஸ்தானத்தின் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும் மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்னும் சொல்லும் பொறித்த சின்னஞ்சிறு செப்புக் காசு. இதைக் கையில் பொத்திக்கொண்டு எத்தனை பிள்ளைகள் கடைத்தெருவுக்கு ஓடியிருப்பார்களோ!

நம் பெண்மக்கள் இந்நகரில் நினைவுகூர வேண்டிய ஒருவர் உண்டு. 1886இல் இங்கே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்து பயின்றார். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்று, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தையும், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். ஒரு பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கொடுத்ததால் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் வாழ்வு பெற்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆற்றங்கரையில் மாலை

கதிர் சாயும் வேளையில் நகருக்குத் தெற்கே வெள்ளாற்றங்கரையை அடைந்தோம். வெள்ளாறு என்ற பெயரைக் கேட்டுப் பெருவெள்ளத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். ஆண்டின் பெரும்பகுதியில் மணல்தான் ஆறு. மழைக்காலத்தில் மட்டுமே நீர் ஓடும். ஆயினும் இந்த மணற்கோடு ஒரு காலத்தில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக மதிக்கப்பட்டது. வடகரை கோனாடு, தென்கரை கானாடு. பேரரசுகள் மோதிய எல்லையில் இன்று ஆடுகள் அச்சமின்றிக் கடந்து செல்கின்றன. கிழக்கே சென்று, மணமேல்குடிக்கு அருகில் இவ்வாறு கடலோடு கலக்கிறது. இதற்கும் தெற்கே, பாம்பாற்றங்கரை ஓரியூரில்தான் புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தம் குருதியைச் சிந்தினார். சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஆவூரில் ஆலயம் எழுந்தது என்பதை நினைக்கும்போது, அச்சத்தால் பின்வாங்காத அக்காலக் கிறிஸ்தவர்களின் உறுதி நமக்கு விளங்குகிறது.

பிள்ளைகள் மணலில் விளையாடினர். அப்பாயி தம் இளமையில் மாட்டுவண்டி கட்டித் திருவிழாவுக்குப் போன கதையைச் சொல்லத் தொடங்கினார். வண்டியின் கீழே தொங்கிய அரிக்கேன் விளக்கு, வழியில் கூழ் கொடுத்த வீடு, திரும்பும்போது பிறந்த குழந்தை என்று அக்கதை நீண்டது. எங்களுள் எவரும் அதுவரை கேட்டிராத செய்திகள் அவை. பத்து ஊர் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கு நேரம் ஏது? அன்றைய நாளில் கண்ட அரும்பொருள்களுள் எது சிறந்தது என்று கேட்டால், அந்த அரைமணி நேரத்தையே கூறுவோம்.

நம் கையில் உள்ளது

வாசகர்களே, இப்பயணம் நமக்குச் சில கடமைகளை உணர்த்துகிறது.

தாம் செய்தவை நன்றாயிருக்கக் கண்ட இறைவனே, படைப்பை முடித்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்று மறைநூல் கூறுகிறது. நின்று பார்ப்பதும், பார்த்து நன்றி கூறுவதும் ஓய்வின் பகுதிகள். அடுத்த விடுமுறையில் உங்கள் குடும்பமும் ஒரே ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ளட்டும். வீட்டு முதியவரை விட்டுச் செல்லாமல், அவருடைய நடைக்கு ஏற்ப உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று சற்று முக்கியமானது. நம் பங்குகள் பலவற்றில் மக்கள் பெருகிவிட்டார்கள். பழைய ஆலயம் இடம் போதவில்லை. உடனே எழும் எண்ணம் அதை இடித்துவிட்டுப் பெரியதாகக் கட்டுவது என்பதே. புதிய ஆலயம் தேவைதான். ஆனால் பழையதை இடித்துத்தான் புதியது எழ வேண்டுமா? அருகில் இடமிருந்தால் பழையதை ஆராதனைச் சிற்றாலயமாகவோ மறைக்கல்வி வகுப்பாகவோ காக்கலாம். இடிப்பது தவிர்க்க இயலாதது என்றால், அதற்குமுன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து, கல்வெட்டுகளைப் பெயர்த்துக் காத்து, பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் பத்திரப்படுத்தலாம். சித்தன்னவாசலில் கைக்கு எட்டாத ஓவியம் தப்பியது. நம் ஆலயங்கள் அனைத்தும் நம் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கின்றன. ஆகவே அந்தக் கை காக்கும் கையாக இருக்க வேண்டும்.

வந்தவருக்கு இடம் கொடுத்த மண்ணின் மக்கள் நாம். நம் முன்னோர் நமக்காக விட்டுச் சென்றவற்றுக்கும், நமக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கும் நம் இல்லங்களிலும் பங்குகளிலும் இடம் கொடுப்போமாக. பெரியநாயகி அன்னை அதற்கு நமக்குத் துணைபுரிவாராக.